கழுவெளியில் உள்ளான் எண்ணப் போகிறவருக்கு

மரக்காணத்துக்கு மாற்றலாகி வந்திருக்கும் ஓர் ஆசிரியர் கேட்கிறார்: "உப்பளத்திலும் கழுவெளியிலும் குளிர்காலத்தில் ஏகப்பட்ட பறவைகள் இறங்குகின்றன. தன்னார்வலராகக் கணக்கெடுப்பில் சேர ஆசை. ஆனால் கொக்கு, நாரை தவிர எதுவும் அடையாளம் தெரியாது. சேரலாமா? எங்கிருந்து தொடங்குவது? என்னென்ன வாங்க வேண்டும்? எண்ணி என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் கேட்கிறார்கள், அதற்கும் ஒரு பதில் வேண்டும்."

வீட்டில் கேட்பதுதான் சரியான கேள்வி. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எதற்கு எண்ணுகிறோம் என்பது பிடிபட்டால், எப்படி எண்ணுவது என்பது பாதி விளங்கிவிடும்.

உங்கள் ஊரை ஒட்டிய கழுவெளிச் சதுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. ஒரு நீர்நிலை அந்தப் பட்டியலுக்குத் தகுதி பெற ஒன்பது அளவுகோல்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு முழுக்க முழுக்க எண்ணிக்கை சார்ந்தவை. வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகளுக்குக் குறையாமல் அங்கே தங்க வேண்டும் என்பது ஒன்று. ஏதாவது ஒரு நீர்ப்பறவையின் மொத்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்காவது வழக்கமாக அங்கே வர வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டிலும் 'வழக்கமாக' என்று இருப்பதைக் கவனியுங்கள். ஒரு வருஷம் நல்ல மழை பெய்து பறவை குவிந்தது என்று சொன்னால் போதாது. பல வருஷத்துக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை வனத்துறை ஊழியர்கள் மட்டும் எடுத்து முடிக்க இந்தக் கரை ரொம்ப நீளம். பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரி வரை ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறையாத கடற்கரை. அதில் கழிமுகம், உப்பளம், சதுப்பு, மணல்திட்டு என்று பறவை இறங்கும் இடங்கள் எத்தனையோ. ஆகவே வார விடுமுறையில் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு போகிற ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.

இதற்கு நான் எப்போதும் சொல்கிற எடுத்துக்காட்டு கொரியாவில் நடந்தது. தென்கொரியாவின் மேற்குக் கரையில் சேமாங்கும் என்று பெரிய சேற்று வெளி. அதை நிலமாக்குவதற்காக 33 கிலோமீட்டர் கடற்சுவர் கட்டி 2006 ஏப்ரலில் மூடினார்கள். பறவைகள் பக்கத்துக் கழிமுகங்களுக்குப் போய்விடும், ஒன்றும் ஆகாது என்று ஒரு வாதம் இருந்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் படும். கொரியாவின் பறவை அமைப்பு ஒன்றும் ஆஸ்திரேலியாவின் கரைப்பறவை ஆய்வுக்குழு ஒன்றும் சேர்ந்து 2006 முதல் 2008 வரை மூன்று இளவேனில்களில் அங்கேயும் பக்கத்துக் கழிமுகங்களிலும் எண்ணின. சுவருக்குள் கிரேட் நாட் என்னும் பெரிய உள்ளான் (உள்ளான் என்பது சேற்றில் இரை தேடும் கரைப்பறவை வகை) பல்லாயிரக்கணக்கில் குறைந்தது. பக்கத்து இடங்களில் அந்த அளவுக்குக் கூடவில்லை. அதே பறவைகள் குளிர்காலத்தைக் கழிக்கும் ஆஸ்திரேலியாவிலும் எண்ணிக்கை சரிந்தது. அங்கே எண்ணிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத ஆட்கள். மூன்று இடத்துக் கணக்கும் ஒன்றாகச் சேர்ந்தபோதுதான், அந்தப் பறவைகள் இடம் மாறவில்லை, செத்துப்போயின என்று அடித்துச் சொல்ல முடிந்தது. கிரேட் நாட் 2015இல், எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் உலகச் சிவப்புப் பட்டியலில் 'அழியும் அபாயத்தில்' என்ற நிலைக்குப் போனது. கொரியாவுக்கும் சீனாவுக்கும் நடுவிலுள்ள மஞ்சள் கடலின் சீனக் கரையில் ஒரு பகுதி 2019இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமானதற்கும் இப்படிப்பட்ட கணக்குகள் பின்பலமாக இருந்தன.

கொரியா வரை போவானேன் என்றால், உங்கள் உப்பளத்திலேயே இருக்கிறது விஷயம். 2024 அக்டோபரில் சிவப்புப் பட்டியலைத் திருத்தியபோது கரைப்பறவைகள் பலவற்றின் நிலை மோசமாகியிருப்பதாக மாற்றினார்கள். சாம்பல் உப்புக்கொத்தியும் வளைமூக்கு உள்ளானும் இப்போது 'பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவை'. கல்திருப்பி உள்ளான் 'அச்சுறுத்தலை நெருங்கியது'. மூன்றும் நம் கிழக்குக் கரைக்குக் குளிர்காலத்தில் வருகிறவை. வளைமூக்கு உள்ளானை நீங்கள் வரப்பில் நின்றபடியே பார்க்கலாம். இன்னொரு தகவல்: 2023இல் வெளிவந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை சுமார் 30,000 பறவை ஆர்வலர்களின் 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை ஆராய்ந்தது. அவ்வளவு பதிவுகள் இருந்தும், நீண்டகாலப் போக்கு இன்னது என்று சொல்ல முடிந்தது 338 இனங்களுக்குத்தான். மற்றவற்றுக்குப் பழைய பதிவு போதவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் மரக்காணத்தில் யாராவது ஒழுங்காக ஒரு நோட்டுப்புத்தகம் எழுதியிருந்தால் அது இன்றைக்குப் பொக்கிஷம். வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, எங்கே தொடங்குவது?

பெரும்பாலோர் ஜனவரியில் நடக்கும் பெரிய கணக்கெடுப்பில் பெயர் கொடுத்துத் தொடங்குவார்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் இந்தியத் துணைக்கண்டத்தில் தொடங்கியது. வெட்லேண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பின் உலகளாவிய கணக்கெடுப்பில் அது ஒரு பகுதி; இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. இது போக, தமிழ்நாடு வனத்துறை மாநிலம் முழுக்க ஒரே சமயத்தில் நடத்தும் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு இருக்கிறது. அதற்குத் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. எல்லாவற்றுக்கும் போங்கள். அனுபவசாலிகளோடு ஒரு நாள் நடப்பது பத்துப் புத்தகம் படிப்பதற்குச் சமம், சாப்பாட்டுப் பொட்டலமும் உண்டு.

ஆனால் என்னைக் கேட்டால் அதோடு நிற்கக் கூடாது. ஜனவரிக் கணக்கு ஒரு நாள் படம். அன்றைக்குக் காற்று மாறினால் பறவை பக்கத்து ஏரியில் இருக்கும். வெளியூரிலிருந்து வந்த குழு வேனில் ஏறி அடுத்த இடத்துக்குப் போயிருக்கும். உள்ளூரில் குடியிருக்கும் ஒருவர் செய்யக்கூடியது இதைவிடப் பெரியது. உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் சின்னதாக ஓர் இடம் எடுத்துக்கொள்ளுங்கள். உப்பளத்தில் ஒரு வரப்பிலிருந்து இன்னொரு வரப்பு வரை ஏழெட்டுப் பாத்தி போதும், அல்லது எடையன்திட்டுக் கழிமுகத்தில் ஒரு மணல்திட்டு. மாதம் ஒருமுறையோ இருமுறையோ அதே இடம், அதே வழி, ஏறக்குறைய அதே நேரம். கழுவெளி முழுவதையும் எண்ணுகிறேன் என்று கிளம்பினால் இரண்டாம் மாதமே கைவிட்டுவிடுவீர்கள். அது ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சூரியனைப் பாருங்கள். இது கிழக்குக் கரை. காலையில் கடலைப் பார்த்து நின்றால் எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். பவளக்காலியின் காலும் கறுப்பு, பச்சைக்காலியின் காலும் கறுப்பு. காலையில் எண்ணுவதானால் முதுகு கடல் பக்கம் இருக்கும்படி உப்பளத்தை நோக்கி நில்லுங்கள். கடற்கரை மணலை எண்ணுவதானால் சாயங்காலம் போங்கள். ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் பாத்திகளில் கானல் ஆட ஆரம்பித்துவிடும். அதற்கப்புறம் நூறடிக்கு அந்தப் பக்கம் நிற்பது உள்ளானா மண்கட்டியா என்று தெரியாது.

இனி தண்ணீர். வெளிநாட்டுக் கையேடுகளைப் படித்தால், ஓதம் ஏறும் நேரம் பார்த்துப் போ, சேறு மூழ்கியதும் பறவைகள் ஓரிடத்தில் கூடும், அப்போது எண்ணு என்று இருக்கும். பத்து மீட்டருக்கு மேல் ஓதம் ஏறி இறங்கும் காம்பே வளைகுடாவுக்கு அது பொருந்தும். நம் கரையில் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டர்தான், தெற்கே போகப் போக அதுவும் குறையும். உப்பளத்திலும் கழுவெளியிலும் பறவை எங்கே நிற்கும் என்பதை வடகிழக்குப் பருவமழையும், அன்றைய காற்றும், உப்பள முதலாளி எந்த மடையைத் திறந்தார் என்பதும்தான் தீர்மானிக்கின்றன. கொசு உள்ளானுக்கு இரண்டு விரற்கடைத் தண்ணீர் போதும்; அதற்கு மேல் அதன் கால் எட்டாது. கருவால் மூக்கன் முழங்கால் அளவுத் தண்ணீரிலும் இறங்கி மூக்கை முழுசாகச் செருகும். பூநாரைக்கு ஆழம் ஒரு பொருட்டில்லை. ஆகவே ஒரே பாத்தியில் டிசம்பரில் வாத்தும் பிப்ரவரியில் உள்ளானும் இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், பறவை எண்ணிக்கைக்குப் பக்கத்தில் தண்ணீர் நிலையையும் கட்டாயம் எழுதுங்கள். 'கணுக்கால் அளவு', 'பாதிச் சேறு தெரிகிறது', 'வறண்டு வெடித்துவிட்டது' என்று எழுதினாலே போதும். ஐந்து வருஷம் கழித்து உங்கள் நோட்டைப் படிக்கிற ஆய்வாளர், உள்ளான் குறைந்ததா, அந்த வருஷம் தண்ணீர் அதிகமா என்று பிரித்துப் பார்க்க அந்த ஒரு வரிதான் உதவும்.

அடையாளம் காண்பதைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். முதல் வருஷம் ஐந்தாறு பறவை போதும். நெடுங்கால் உள்ளான்: சிவந்த குச்சிக் கால், தப்பவே முடியாது. பவளக்காலி: பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பு முழுக்க வெள்ளை, உங்களைப் பார்த்ததும் முதலில் கத்தி ஊரைக் கூட்டுவது அதுதான். பச்சைக்காலி: மூக்கு லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும், எழும்பினால் முதுகில் வெள்ளை மேலே வரை ஓடும். கருவால் மூக்கன்: நீண்ட நேர் மூக்கு, பறக்கையில் இறக்கையில் வெள்ளைப் பட்டை, வால் நுனி கறுப்பு. அப்புறம் கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழகுங்கள், ஏனென்றால் உப்பளத்துக் கூட்டத்தில் பாதிக்கு மேல் இவைதான் இருக்கும்.

சேற்றில் அவை மேய்வதைக் கொஞ்ச நேரம் பாருங்கள். கொசு உள்ளான் சிட்டுக்குருவி அளவுதான். தலையைக் குனிந்தபடியே குடுகுடுவென்று ஓடி, சேற்றின் மேல்தோலில் வேகமாகக் கொத்திக்கொண்டே போகும். மூக்கு உள்ளே போகாது. ஓடும், நிற்கும், திரும்பும், ஒரு இடத்தில் இருக்காது. வளைமூக்கு உள்ளான் அதைவிட ஒன்றரை மடங்கு, காலும் கழுத்தும் நீளம், மூக்கு நுனியில் கீழ்நோக்கி வளையும். அது நிதானம். வயிறு தொடுகிற தண்ணீரில் நின்று, தையல் மெஷின் ஊசி மாதிரி ஓரிடத்திலேயே நாலைந்து முறை மூக்கை இறக்கி எடுக்கும். வெளிச்சம் சரியில்லாத நாளில் நிறமும் உருவமும் கைவிட்டாலும் இந்த நடை கைவிடாது. செப்டம்பரில் வரும் இளம் கொசு உள்ளானின் முதுகில் வெள்ளையாக ஆங்கில 'வி' எழுத்துப் போல ஒரு கோடு தெரியும். இளசுகள் எத்தனை என்று தனியாகக் குறிக்க முடிந்தால் அது உபரி லாபம். வளைமூக்கு உள்ளான் சைபீரியத் துந்திரத்தில் குஞ்சு பொரிக்கிறது. அங்கே லெம்மிங் எலி பெருகிய வருஷத்தில் நரிக்கு வயிறு நிறையும், குஞ்சுகள் தப்பிக்கும். எலி குறைந்தால் நரி குஞ்சுப் பக்கம் திரும்பும். அந்த வருஷம் நம் கரைக்கு இளசு குறைவாக வரும். மரக்காணத்தில் நின்று ஆர்க்டிக் நரியின் பசியை எண்ணலாம் என்றால் பிள்ளைகள் ரசிப்பார்கள், வகுப்பில் சொல்லிப் பாருங்கள்.

உப்புக்கொத்திகளில் சில வகைகள் அனுபவசாலிகளையே திணறடிக்கும். சிறிய மணல் உப்புக்கொத்தி என்று ஒன்றாக இருந்ததைச் சமீபத்தில் சைபீரிய வகை, திபெத்திய வகை என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். நம் பக்கம் வருவதில் பெரும்பாலும் திபெத்தியதுதான். லடாக், திபெத் பீடபூமியில் கூடு கட்டிவிட்டு வருகிறது. குளிர்கால உடையில், அதாவது அந்தப் பருவத்து இறகு நிறத்தில், இதையும் பெரிய மணல் உப்புக்கொத்தியையும் தூரத்திலிருந்து பிரிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பிரிக்க முடியவில்லையென்றால் 'மணல் உப்புக்கொத்தி வகை' என்று எழுதுங்கள். 'அடையாளம் தெரியாத சிறு உள்ளான் 140' என்பது கௌரவமான பதிவு. ஊகித்து இனப்பெயர் போட்ட 140 பின்னால் வருகிறவரை வழிதவற வைக்கும்.

கூட்டத்தை எண்ணுவது எப்படி? இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். முப்பது நாற்பது வரை ஒன்றொன்றாக எண்ணிவிடலாம். அதற்கு மேல், கூட்டத்தின் ஓர் ஓரத்தில் பத்துப் பறவையை நிஜமாகவே எண்ணுங்கள். அந்தப் பத்து பைனாகுலர் வட்டத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனசில் பிடித்துக்கொண்டு, அதே அளவை அடுத்தடுத்து நகர்த்திப் பத்து, இருபது, முப்பது என்று போங்கள். ஆயிரத்தைத் தாண்டும் கூட்டத்துக்கு நூறு நூறாக. கூட்டம் எல்லா இடத்திலும் ஒரே நெருக்கமாக இருக்காது. நடுவில் நெருங்கியும் ஓரத்தில் சிதறியும் நிற்கும். அதனால் அளவை நடுவில் ஒருமுறை, ஓரத்தில் ஒருமுறை திருத்திக்கொள்ளுங்கள். முதலில் மொத்தம் எத்தனை என்று எடுங்கள். அப்புறம் கூட்டத்தில் அங்கங்கே ஐம்பது ஐம்பதாகப் பார்த்து எத்தனை கொசு உள்ளான், எத்தனை வளைமூக்கு என்று விகிதம் போடுங்கள். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் எந்த நிமிஷமும் வேட்டைப் பறவையான பொரி வல்லூறு வரும். ஒரே நொடியில் மொத்தச் சேறும் எழும்பியது போலக் கூட்டம் மேலே போகும், வெள்ளையும் சாம்பலுமாய்த் திரும்பும், அந்தப் பக்கத்துப் பாத்தியில் இறங்கும். மொத்தம் கையில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் இறங்கின இடத்தில் மறுபடி முதலிலிருந்து. முதலில் எண்ணின பாதியையும் இப்போது எண்ணினதையும் கூட்டிவிடாதீர்கள்.

பொதுவாக எல்லோருக்கும் கண் குறைத்துத்தான் எண்ணும், கூட்டம் பெரிதாகப் பெரிதாக இன்னும் குறையும். பழக ஒரு வழி: கூட்டத்தைப் பார்த்ததும் மனசில் ஒரு எண் சொல்லுங்கள், போனில் படம் எடுங்கள், வீட்டுக்கு வந்து படத்தில் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து எண்ணுங்கள். உங்கள் கண் எவ்வளவு குறைக்கிறது என்று தெரிந்துவிடும். மாணவர்களுக்குப் படத்தைக் கொடுத்தால் நீங்கள் எண்ண வேண்டிய வேலையும் இல்லை.

நோட்டில் எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன், இதை அப்படியே பின்பற்ற வேண்டுமென்று இல்லை: 'காலை 6.40 முதல் 7.50. மூன்றாம் வரப்பு முதல் பம்ப் ஷெட் வரை நடந்தது. லேசான வாடைக்காற்று, மேகமில்லை. கிழக்குப் பாத்திகள் கணுக்கால் அளவு, மேற்கே இரண்டு பாத்தி காய்ந்துவிட்டது. கொசு உள்ளான் 320 (பத்துப் பத்தாக). வளைமூக்கு 85. பவளக்காலி 12. கருவால் மூக்கன் இல்லை. மீசை ஆலா 9, பறந்துகொண்டிருந்தன. நாய் இரண்டு, கூட்டத்தைக் கலைத்தன.' இதில் 'கருவால் மூக்கன் இல்லை' என்பதைப் பாருங்கள். போன மாதம் இருந்தது, இந்த மாதம் இல்லை. இல்லாததை எழுதாவிட்டால் அது இல்லையா, நீங்கள் பார்க்கவில்லையா என்று யாருக்கும் தெரியாது. ஒன்றுமே இல்லாத காலையில்கூட நேரத்தையும் தூரத்தையும் போட்டுப் பூஜ்யம் எழுதுங்கள். அப்படிப்பட்ட நாளில் நோட்டைத் திறக்கவே மனசு வராது என்பது எனக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்ட் (eBird) செயலியில் ஏற்றிவிடுங்கள். இலவசம்தான், பறவைப் பெயர்களைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். அடையாளம் கண்ட எல்லா இனத்தையும் எழுதினீர்களா என்று கேட்கும். அழகான பூநாரையை மட்டும் எழுதிவிட்டு 'ஆம்' என்று அழுத்தாதீர்கள். காக்கையும் மைனாவும்கூடப் பட்டியலில் வர வேண்டும். எண்ணிக்கைக்குப் பதில் வெறும் குறியைப் போடும் வசதியும் உண்டு. கரைப்பறவைக்கு அதைத் தொடாதீர்கள். தோராயமான எண் எவ்வளவோ மேல். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கும் இந்தியாவில் இந்த வழியாகவே பதிவுகள் போய்ச் சேருகின்றன, தனிப் படிவம் நிரப்பிக் கஷ்டப்பட வேண்டியதில்லை. நீங்களும் நண்பரும் சேர்ந்து போனால் ஒரே பட்டியலைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

எந்தெந்த மாதம்? ஜனவரி மட்டும் போதாது என்றேன். ஆகஸ்டிலேயே முதல் கூட்டம் வந்துவிடும். சில இனங்களின் வளர்ந்த பறவைகள் ஜூலைக் கடைசியிலேயே தலைகாட்டும், இனப்பெருக்கக் காலத்துச் சிவப்பு உடை பாதி கலையாமல். இளசுகள் அதற்கப்புறம், தாய் தகப்பன் வழிகாட்டாமல் தனியாக வரும். அக்டோபர், நவம்பரில் மழை. பாத்தி நிரம்பும், உள்ளான்கள் இடம் மாறும். ஜனவரி முதல் மார்ச் வரை தண்ணீர் வற்ற வற்றக் கூட்டம் சேரும். ஏப்ரலில் வளைமூக்கு உள்ளான் செங்கல் நிறத்துக்கு மாறி, கொழுத்து, கிளம்பும். அப்புறம் யாரும் எண்ணப் போவதில்லை. போங்கள். மே, ஜூன் வெயிலில் கொஞ்சம் பறவை திரும்பிப் போகாமல் இங்கேயே கிடக்கும், பெரும்பாலும் முந்தைய வருஷத்துக் குஞ்சுகள். அவற்றுக்கு அந்தக் கோடையில் பாதுகாப்பான இடம் வேண்டும். அந்த மாதங்களின் பதிவு நம் கரையில் மிகக் குறைவு. ஜூனில் நீங்கள் எழுதும் இருபது வரி ஜனவரியில் எழுதும் இருநூறு வரிக்கு ஈடு என்று நான் நினைக்கிறேன்.

எங்கே போய் வருகிறது என்று அறிய ஆய்வாளர்கள் காலில் வளையமோ வண்ணக் கொடியோ போட்ட பறவை என்றாவது ஒருநாள் தட்டுப்படும். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக வளையமிட்டு வருகிறார்கள், அந்தக் கழகத்தின் எஸ். பாலச்சந்திரன் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இதிலேயே கழித்தவர். கோடியக்கரை 1967இல் சரணாலயமானது, 2002இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் இடமும் அதுவே. எதிர்க்கரையில் இலங்கையின் மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழகத்தார் செயற்கைக்கோள் கருவி பொருத்திய கடற்காகம் இந்தியாவைக் கடந்து ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. ஆகவே எங்கிருந்து வந்ததும் இருக்கலாம். பார்த்தால் நான்கு விஷயம் குறியுங்கள்: இடக்காலா வலக்காலா (பறவையின் இடம் வலம், உங்களுடையதல்ல), மூட்டுக்கு மேலா கீழா, கொடியின் நிறம் மேலிருந்து கீழாக, எழுத்து படிக்க முடிந்தால் அது. மங்கலாக இருந்தாலும் படம் எடுங்கள். நெருங்கிப் போய்த் துரத்தாதீர்கள். மூக்கை முதுகில் செருகி ஒற்றைக்காலில் நிற்கிற கூட்டத்தைப் படத்துக்காகக் கிளப்புகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவை ஓய்வெடுப்பது அடுத்த ஆயிரம் கிலோமீட்டருக்கு.

ஆட்களிடம் நடந்துகொள்வது பற்றியும் ஒரு வார்த்தை. உப்பளம் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய குத்தகை நிலம். முதல் நாளே அங்கே வேலை பார்க்கிறவர்களிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். "என்ன சார் எண்ணுறீங்க, கவர்மென்ட்டா?" என்று கட்டாயம் கேட்பார்கள், நிலம் எடுக்க வந்த ஆளோ என்ற பயம். பைனாகுலரைக் கொடுத்து ஒரு பறவையைக் காட்டிவிடுங்கள், பயம் போய்விடும். எந்தப் பாத்தி எப்போது வற்றும், எங்கே கால் புதையும், ராத்திரி வலை போடுகிறவன் எந்தப் பக்கம் வருகிறான் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வலை, கண்ணி, செத்த பறவை எது கண்டாலும் தனியாகப் போய் மோதாதீர்கள். படமும் இடமும் எடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். கழுவெளியின் சரணாலய எல்லைக்குள் இறங்கி எண்ண முன்கூட்டியே வனச்சரக அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். ஆசிரியர் என்று ஒரு கடிதம் கொடுத்தால் வேலை எளிது. மாணவர்களை அழைத்துப் போவதானால் சேற்றுப் பக்கம் வேண்டாம், சாலையோரத்து வரப்பே போதும். சாலை என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை, வண்டி வேகத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளை ஒரு பக்கமாகவே நிறுத்துங்கள்.

கடைசியாகக் கருவி. 8×42 பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். 10×, 12× என்று பெரிதாகப் போனால் கை நடுங்கும், பார்க்கும் வட்டமும் சுருங்கும். வேறு எதுவும் இப்போது வேண்டாம். உள்ளான் கூட்டத்துக்கு முக்காலியில் நிறுத்தும் ஸ்பாட்டிங் ஸ்கோப் இருந்தால் ரொம்ப வசதிதான், ஆனால் விலை அதிகம், தூக்கிக்கொண்டு நடப்பதும் சிரமம். ஜனவரிக் கணக்கெடுப்புக்கு வரும் குழுக்களில் யாரிடமாவது இருக்கும், அதில் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கையேட்டில் தமிழ்ப் பெயரும் அறிவியல் பெயரும் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரே பறவைக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். தொப்பி, இரண்டு பாட்டில் தண்ணீர், பென்சில் (பேனா மை ஈரத்தில் கரையும்), சிப்பி குத்தாத பழைய ஷூ. ஆகஸ்ட் மூன்றாம் வாரம் தொடங்கினால் முதல் பவளக்காலிகளைப் பிடித்துவிடலாம்.